பன்னிரண்டாவது வரி

ஆனி இருபத்தொன்று, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது ஐம்பது, சாரல் விடவில்லை. நாற்பத்திரண்டு பையன்களின் ஈரச்சட்டை வாடைக்கு நடுவே, திருவட்டாறுப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில், தமிழ் வாத்தியார் என் கட்டுரையை வகுப்புக்கு வாசித்துக் காட்டினார். எனக்குப் பதினான்கு வயது. துணைப்பாடத்தில் ஒரு பழைய கதை: பண்ணையார் ஒருவர், கண் தெரியாத பங்காளியின் குளத்தை, பங்காளியின் மகளைக் கொண்டே எழுதி வாங்கிவிடுவார். அவருடைய பேராசையையும் சூழ்ச்சியையும் ஆராய்ந்து மூன்று பக்கம் எழுதியிருந்தேன். முதலில் அந்தப் பெண்ணைப் புகழ்கிறார், வேண்டியதைக் கடைசியில்தான் கேட்கிறார் என்பது என் கண்டுபிடிப்பு. பத்துக்கு ஒன்பதரை கிடைத்தது.

அன்று மாலை சித்தப்பா அதை முழுக்க வாசித்தார். "எலே மக்களே, இந்தத் தாலுக்காவில ஒனக்க மாதிரி ஒரு தலை கிடையாது" என்று சொல்லி ஒரு மைப்பேனாவையும் தந்தார். நாலாம் நாள் பாகப் பத்திரத்தோடு வந்தார். எங்கள் "விளை"யில், அதாவது தென்னையும் பலாவும் நின்ற குடும்பத் தோட்டத்தில், முன்பாதி அவருக்கு. வீடு இருக்கும் பின்பாதி எங்களுக்கு. ரப்பர் பால் வெட்டும் அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். ஆகவே எங்கள் பக்க வழக்கப்படி, படித்த மகன் வாசித்துக் கேட்பிக்க வேண்டும். அப்படிக் கேட்பித்தவன் பெயர் பத்திரத்தின் அடியில் ஏறும்.

மொத்தம் பதினைந்து வரி. எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்குப் போகும் நடைவழி முன்பாதிக்கே சொந்தம் என்றது பன்னிரண்டாவது.

"அதை வாசிச்சா அண்ணனுக்கு வெறுதே மனக்கஷ்டம். வழியை ஆரு அடைக்கப் போறா? நீ வெவரமுள்ளவன், ஒனக்குப் புரியும்" என்றார் சித்தப்பா. எனக்குப் புரிந்தது, அல்லது புரிந்ததாகக் காட்டிக்கொள்ள ஆசையாக இருந்தது. பதினான்கு வரிகளை ராகத்தோடு வாசித்தேன். அப்பா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஏழாம் மாதம் வழிக்குக் குறுக்கே சுவர் எழும்பியது, பதினொரு வரிசைக் கல் உயரம். பின்னால் கால்வாய், இரு பக்கமும் அடுத்தவர் வேலி. ஒற்றையடிக் கால்வாய்க் கரை ஒன்றே எங்களுக்கு மிஞ்சியது. வழக்குப் போட வக்கீலிடம் போனபோது அவர் பத்திரத்தின் அடியில் என் பெயரைத் தொட்டுக் காட்டிவிட்டு மடித்துத் தந்தார்.

திரும்பி வரும்போது அப்பா ஒரே ஒரு முறை கேட்டார்: "அந்த வரி எங்கலே இருந்தது?"

"பன்னிரண்டாவது, அப்பா."

பிறகு கேட்கவே இல்லை. பத்தொன்பது வருடம் பால் வாளியோடு அந்தக் கரையில் நடந்தார், மூன்று முறை வழுக்கி விழுந்தார். அவர் பாடையைக் கரையில் திருப்ப முடியாமல், ஆறு பேர் சுவருக்கு மேலே தூக்கிக் கடத்தினார்கள். சித்தப்பா அந்தப் பக்கம் நின்று வாங்கினார்.

இப்போது சித்தப்பாவும் இல்லை, பலாமரங்கள் ஐந்தும் இல்லை. வளைகுடாவில் இருக்கும் அவர் பேரனிடமிருந்து போன மாதம் வழியைத் திரும்ப வாங்கினேன். பத்திரத்தை நானே இரண்டு தடவை உரக்க வாசித்தேன். கேட்க வீட்டில் யாரும் இல்லை. மூன்றடி அகலம், அறுபத்திரண்டு அடி நீளம். பதிவுச் செலவும் சுவர் இடித்த கூலியும் சேர்த்து நான்கு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து அறுநூறு ரூபாய்.