எஸ்தர் அம்மாள் அடித்து எழுதிய வார்த்தை

புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். மருந்து பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தேன். சபை உபதேசியார் ஜன்னலில் தலையை நீட்டி, "எஸ்தர் டாக்டரம்மா காலமாயிட்டாங்கம்மா. நெஞ்சுல சளி கட்டிருச்சாம். நாலு மணிக்கு அடக்கம்" என்றார். நான் குலுக்குவதை நிறுத்தவில்லை. வரிசையில் பெண்கள் நின்றிருந்தார்கள்.

சனிக்கிழமை எங்கள் பெண்கள் ஆஸ்பத்திரியிலேயே இரங்கல் கூட்டம் போட்டார்கள். சாந்தசொரூபி என்றார் ஒருவர். அதிர்ந்து ஒரு சொல் பேசாதவர் என்றார் இன்னொருவர். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே எனக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. அவரோடு பதினோரு வருஷம் இங்கே கம்பவுண்டராக இருந்தவள் நான். எஸ்தர் அம்மாளுக்கு மூக்கின் மேல் கோபம். அந்தக் கோபம்தான் இந்தப் பட்டாளத் தண்டுப் பகுதியில் எத்தனையோ பெண்களைப் பிழைக்க வைத்தது. அவரை அறியாதவர்களுக்காகச் சபைப் பத்திரிகையில் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் மதராசில் படித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தபோது, வராந்தாவின் கடைசியில் ஒரு பெஞ்சு இருந்தது. நீர் போகும்போது எரிகிறது என்று சொல்லும் பெண்ணை ஆயா அங்கே உட்கார வைப்பாள். பட்டாளம் இருக்கிற ஊர். எரிச்சல் என்றாலே கெட்ட சகவாசத்தில் வரும் வெட்டை நோய் என்று தீர்மானம். அந்தப் பெயர்களுக்குத் தனிப் பதிவேடு வேறு. சோதனை எல்லாம் பிறகுதான், அதுவும் நினைவிருந்தால். அதனால் பெண்கள் பொய் சொன்னார்கள். வயிற்றுவலி என்பார்கள், காய்ச்சல் என்பார்கள். காய்ச்சலுக்கான கொய்னா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், சிறுநீரகம் வரை சீழ் ஏறிய பிறகு கட்டிலோடு வருவார்கள்.

எஸ்தர் அம்மாள் ஒரு மாதம் பார்த்தார். பிறகு ஒரு நாள், வருகிற எல்லாப் பெண்களுக்கும் ஒரு கிண்ணத்தைக் கொடுக்கச் சொன்னார். காதுவலிக்காரிக்கும் கிண்ணம், கால் சுளுக்கியவளுக்கும் கிண்ணம். "பல்லு வலிக்கு ஒண்ணுக்குப் பிடிச்சுக் குடுக்கணுமா?" என்று சபையில் பாட்டுப் பாடுகிற ஒரு அம்மாள் சண்டைக்கு வந்தார். "ஆமாம்மா, இங்க அப்படித்தான். போங்க" என்றார் டாக்டரம்மா. எல்லோரும் கொடுப்பதால் யாருக்கு என்ன என்று வராந்தாவுக்குத் தெரியாது. கடைசிப் பெஞ்சு காலியானது.

பிறகு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, எரிச்சலா, கன்னடத்தில் உரியா, உருதுவில் ஜலனா என்று அவரவர் பாஷையில் கேட்பார். ஸ்பிரிட் விளக்கில் நீர் ஊற்றிய கண்ணாடிக் குழாயைக் காய்ச்சி, புளிப்புத் திராவகம் ஒரு சொட்டு விட்டு, கலங்கல் தெளிகிறதா என்று பார்ப்பார். தெளியாவிட்டால் சீழ் இருக்கலாம், உடனே மைக்ராஸ்கோப். காய்ச்சலும் முதுகுவலியும் இருந்தால் வீட்டுக்கு அனுப்பவே மாட்டார். மில்லில் வேலை செய்கிற பெண்களிடம்தான் அதிகம் கத்துவார். "போக இடமில்லன்னு தண்ணியே குடிக்காம இருக்கியா? அடக்கி வைக்கிறதும் காயப்போடுறதும் அந்த வியாதிக்கு நீயே சோறு போடுற மாதிரி!" ஸ்பிரிட் வீணாகிறதென்று மேலிடத்தில் முணுமுணுப்பு இருந்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, உறவினர் கல்யாணத்துக்காக ஒரு வாரம் வேலூர் போனார். அந்த வாரத்தில் ரெஜினா என்ற பெண் வந்தாள். கல்யாணமாகி மூன்று மாதம். எரிகிறது என்று உண்மையைச் சொன்னாள். பெரிய டாக்டர் சோதித்துப் பார்க்காமலே தனிப் பதிவேட்டில் வெட்டை என்று எழுதினார். மாமியார் கூடவே நின்றிருந்தார். சாயங்காலமே ரெஜினா அப்பா வீட்டில் கொண்டுவிடப்பட்டாள்.

எஸ்தர் அம்மாள் திரும்பியபோது ரெஜினாவுக்குக் குளிர்காய்ச்சல், விலாவில் வலி. கொதிக்க வைத்த ரப்பர் குழாய் போட்டு நீரெடுத்து, கண்ணாடியில் பூசி, சாயம் ஏற்றிப் பார்த்தார். "சலோமி, இங்க வந்து பாரு" என்று என்னைக் கூப்பிட்டார். வெட்டைக் கிருமி காப்பிக்கொட்டை மாதிரி இரண்டிரண்டாக ஒட்டிக்கிடக்கும். அப்படி ஒன்றுகூட இல்லை. சீழணுக்களும் குச்சி குச்சியான கிருமிகளும்தான். "சாதாரண நீர்க்கடுப்பு. புதுசாக் கல்யாணமான பொண்ணுங்களுக்கு வர்றதுதான். இதுக்கா இவள வீட்ட விட்டுத் தள்ளினாங்க?" என்றார். அப்போதுதான் வந்திருந்த சல்ஃபா மாத்திரையும் நீரின் புளிப்பைத் தணிக்கும் காரக்கலவையும் கொடுத்து, மணிக்கொரு தம்ளர் தண்ணீர் குடிக்க வைத்தார். ஒரு வாரத்தில் காய்ச்சல் விட்டது.

உடம்பு தேறியது. ஆனால் புருஷன், "ரிஜிஸ்டர்ல அந்தப் பேரு இருக்கிற வரைக்கும் கூட்டிட்டுப் போகமாட்டேன்" என்றான். பதிவேட்டைத் திருத்துகிற வழக்கம் இல்லை என்றார் பெரிய டாக்டர். எஸ்தர் அம்மாள் நேரே போய்ப் பதிவேட்டை எடுத்து, வெட்டை என்ற வார்த்தையை அடித்து, நீர்க்கடுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆஸ்பத்திரிக் கமிட்டி கூடியது. மேலதிகாரியின் பதிவைத் திருத்தியது குற்றம். சோதனைக்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். கண்ணாடியை ஆயா வழக்கம்போல் கழுவி வைத்துவிட்டாள். சாட்சி இல்லை என்று முடிவு செய்து, பழைய வார்த்தையே செல்லும் என்று எழுதி, அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். கிண்ணம் அன்றோடு நின்றது. பெஞ்சு நிரம்பியது. அவர் அல்சூரில் ஒரு வாடகை அறையில், மைக்ராஸ்கோப் இல்லாமல், ஒரு குழாயையும் விளக்கையும் வைத்துக்கொண்டு கடைசிவரை வைத்தியம் பார்த்தார். நீக்கியவர்கள்தான் சனிக்கிழமை சாந்தசொரூபி என்றவர்கள்.

அடக்கத்துக்கு ரெஜினா வந்திருந்தாள். புருஷன் அவளை அழைத்துக்கொள்ளவே இல்லை. தையல் வேலை செய்கிறாள். மண் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். கோபமாகக் கேட்கவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள்.

"அக்கா, டாக்டரம்மா அன்னைக்கு உங்களையும் கூப்பிட்டுக் காட்டினாங்கல்ல?"

காட்டினார். கமிட்டி என்னையும் கூப்பிட்டது. பெரிய டாக்டர் எதிரே உட்கார்ந்திருந்தார். "எனக்கு மருந்து கலக்கத்தான் தெரியும். கண்ணாடியில பார்த்தா ஒண்ணும் விளங்காது" என்றேன். எத்தனையோ கண்ணாடிகளைப் பார்த்துப் பழகியவள் நான். எஸ்தர் அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். எல்லோர் மேலும் எரிந்து விழுகிறவர், என்னை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகும் எங்கே பார்த்தாலும், "நல்லா இருக்கியா சலோமி?" என்றுதான் கேட்பார். அதை என்னால் தாங்க முடிந்ததே இல்லை.

சபைப் பத்திரிகையில் இது வந்தால் எனக்கு வேலை போகும். போகட்டும். போய்வாருங்கள், அம்மா. ரெஜினாவுக்கு இருந்தது வெட்டை அல்ல. நான் பார்த்தேன்.