ஏத்தத்தில் நின்ற ஜீப்

கொரோனாவெல்லாம் அடங்கி ஊர் பழையபடி ஆனதற்கு மறு வருடம், ஐப்பசி மாதம் நடந்தது இது. பாபநாசம் பக்கம் மலையடிவாரத்தில் எங்களுக்கு ஓர் எலுமிச்சைத் தோட்டம் உண்டு. அண்ணனும் அண்ணியும் அங்கேயே வீடு கட்டி இருந்தார்கள். நான் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். லீவு கிடைத்தால் தோட்டத்துக்கு ஓடிவிடுவேன்.

அங்கிருந்து தார்ச்சாலைக்கு வர ஒரே ஒரு மண்பாதைதான். நடுவில் செங்குத்தாக ஒரு மேடு. அதை ஏத்தம் என்றுதான் சொல்வோம். அண்ணனின் ஜீப் பழைய டீசல் வண்டி. காய் மூட்டை ஏற்றினால் ஏத்தத்தில் பாதி வழியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடும். அண்ணி கீழே குதித்து, பின்சக்கரத்துக்கு அடியில் கல்லைப் போடுவார்கள். அண்ணன் கொஞ்சம் ஏற்றுவார், மறுபடி நிற்கும், மறுபடி கல்.

ஒரு வழியாக அண்ணன் இன்ஜினையே மாற்றிவிட்டார். விபத்தில் நொறுங்கிய ஒரு பெரிய காரின் இன்ஜின் கிடைத்தது. அதன் கியர்பெட்டி உடைந்து போயிருந்ததால் ஜீப்பின் பழைய கியர்பெட்டியையே வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மெக்கானிக் லேத்தில் ஒரு தகடு கடைந்து நடுவில் வைத்து இணைத்தார். வண்டியை ஒப்படைக்கும்போது அவர் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"தாங்கும் அண்ணாச்சி. ஆனா இன்ஜின் இழுவை ரொம்ப ஜாஸ்தி, பெட்டியில உள்ள பல்லு பழசு. லோடோட ஏத்தத்துல போட்டு மிதிச்சிராதிய. பைய ஓட்டணும்."

அண்ணன் அந்தச் சொல்லைத் தட்டவில்லை. வருடம் முழுக்க அந்த வண்டியைக் கைக்குழந்தை மாதிரிதான் ஓட்டினார். முதல் தடவை நிற்காமல் ஏத்தம் ஏறியபோது அண்ணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இனி கல்லு போட நான் வேண்டாம். வீட்டுலயே சும்மா இருந்துக்கிடுதேன்" என்றார்கள்.

அன்றைக்குக் காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். எலுமிச்சை மரத்தடியில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த அண்ணி கத்தினார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் சருகுக்குள் நல்ல பாம்பு போய்க்கொண்டிருக்கிறது. அண்ணியின் கையில் இரண்டு ரத்தப் பொட்டு. அவர்கள் அழவில்லை. "தம்பி, அண்ணனைக் கூப்பிடு" என்று மட்டும் சொன்னார்கள்.

தோட்டத்தில் போனுக்கு டவர் கிடைக்காது. அண்ணியை ஜீப்பில் படுக்கவைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். கிளம்பும்போது நன்றாகத்தான் பேசினார்கள். அடுப்பை அணைத்தாயா என்றுகூட என்னிடம் கேட்டார்கள். கொஞ்ச தூரத்திலேயே பேச்சு குழறத் தொடங்கியது. இமைகள் தானாக இறங்கின.

"கண்ணைத் தொறக்க முடியல தம்பி" என்றார்கள்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், அதுவரை ஒரு நாளும் மிதிக்காத மிதி மிதித்தார். வண்டி பாய்ந்தது. "ஏளா, பேசு. எதையாவது பேசிக்கிட்டே வா" என்று கத்திக்கொண்டே ஏத்தத்தில் ஏற்றினார். முக்கால்வாசி ஏறிவிட்டோம். மேலே ஆகாயம் தெரிந்தது. அப்போது காலுக்கடியில் படார் என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து, இரும்பை இரும்பு கடித்துத் துப்புவதுபோல ஒரு அரைவை.

இன்ஜின் உறுமிக்கொண்டேதான் இருந்தது. வண்டி மட்டும் நகரவில்லை. அண்ணன் ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். ஒன்றிலும் பிடிப்பு இல்லை. வண்டி பின்னால் உருளப் பார்த்தது. நான் குதித்து ஒரு கல்லைத் தூக்கிச் சக்கரத்தடியில் போட்டேன்.

அண்ணியை அண்ணன் முதுகில் தூக்கிக்கொண்டார். நான் பின்னால் தாங்கிப் பிடித்தபடி ஓடினேன். மேட்டின் உச்சியில் டவர் கிடைத்தது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன், கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். ஆனால் தார்ச்சாலைக்கு வந்தபோது முதலில் வந்தது வாழைத்தார் ஏற்றிய ஒரு சின்ன லாரி. நடு ரோட்டில் நின்று மறித்தேன். டிரைவர் இறங்கி அண்ணியின் முகத்தைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பின்கதவைத் திறந்து, தார்களை இழுத்து இழுத்து ரோட்டோரம் தள்ளினார்.

"அண்ணாச்சி, உங்க சரக்கு..." என்றேன்.

"தார் கெடந்துட்டுப் போவுது வே. பிள்ளையப் படுக்க வையும்" என்றார்.

அவர் எப்படி ஓட்டினார் என்று எனக்கு நினைவில்லை. அண்ணியின் நெஞ்சு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு போய்விட்டது. அண்ணனின் விரலை மட்டும் லேசாகப் பிடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரி காம்பவுண்டுச் சுவர் கண்ணில் தெரிந்த நேரத்தில் அந்தப் பிடி தளர்ந்தது. டாக்டர்கள் ஓடிவந்தார்கள். குழாய் வைத்து, மருந்து ஏற்றி, வெகுநேரம் போராடினார்கள். பிறகு ஒரு டாக்டர் வெளியே வந்து முகக்கவசத்தைக் கழற்றினார்.

அண்ணன் அவரிடம் கேட்டது ஒன்றுதான். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா?"

டாக்டர், "நிச்சயமா சொல்ல முடியாதுங்க" என்றார்.

லாரி டிரைவர் வாசலிலேயே நின்றிருந்தார். செய்தியைக் கேட்டதும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். நான் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டுவிட்டுப் போனார். எந்த ஊர்க்காரர் என்றுகூட எனக்குத் தெரியாது.

காரியமெல்லாம் முடிந்து ஜீப்பை இழுத்து வந்தோம். மெக்கானிக் கியர்பெட்டியைத் திறந்தார். எண்ணெய்க்குள் பற்கள் நொறுங்கிக் கிடந்தன. "பைய ஓட்டச் சொன்னேனே அண்ணாச்சி" என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த உடனே அவருக்கே முகம் செத்துப்போனது.

அண்ணன் கோபப்படவில்லை. "அன்னைக்கு எப்படி வே பைய ஓட்டுவேன்?" என்றார்.

மெக்கானிக் அழுதுவிட்டார். அண்ணன் அழவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. காய்களைப் பறிக்க ஆள் விடுவதில்லை. மரத்தடியில் உதிர்ந்து அழுகுகின்றன. தோட்டத்தை விட்டு வரச் சொன்னால் வரமாட்டேன் என்கிறார். நான் போய் நின்றால் சில நாள் இருந்தாற்போல் இருந்து கேட்பார்: "ஏலே, மிதிக்காமப் போயிருந்தா வண்டி நின்னுருக்காது. ஆனா பையப் போயிருந்தா மட்டும் நேரத்துக்குப் போயிருப்போமா?" அது டாக்டருக்கே தெரியவில்லை.

அந்த வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்த அத்தனை பேரும் 'எல்லாம் விதி' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வார்த்தையைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும் நான் ஆறுதல் எதுவும் சொல்வதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டு, பேசாமல் எழுந்து வந்துவிடுகிறேன்.