அக்காவுக்கு வியர்க்காமல் போனபோது

அக்காவின் மேலுதட்டைத் துடைத்துத் துடைத்தே ஓரம் பிய்ந்துபோன நீலக் கைக்குட்டை ஒன்று எங்கள் அல்சூர் வீட்டில் இருந்தது. பத்து வயதிலிருந்து இன்சுலின் ஊசியை நம்பி வாழ்பவள் அவள். சர்க்கரை இறங்கினால் முதலில் மேலுதட்டில் வியர்வை அரும்பும், பிறகு கை நடுங்கும். "ஐயோ, வேர்க்குது பாரு!" என்று அம்மா கைக்குட்டையும் குளுகோஸ் டப்பாவுமாக ஓடி வருவாள். அந்த வியர்வையைக் கண்டாலே எங்களுக்கு ஆகாது. அது நிற்க வேண்டுமென்று அம்மா மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அது நின்றே விட்டது. அக்கா அப்போது டெலிபோன் ஆபரேட்டர். சர்க்கரை ஏறவே கூடாதென்று பிடிவாதமாக ஊசியைக் கூட்டி, சோற்றைக் குறைத்திருந்தாள். நடுக்கமும் காணோம். அம்மா மனம் குளிர்ந்து மாவிளக்கு போட்டாள், தெரு முழுக்கப் பிரசாதம் கொடுத்தோம். அடுத்த மாதமே, தொம்மலூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்த அக்கா அப்படியே சரிந்தாள்.

சர்க்கரை இறங்கியும் ஏன் வியர்க்கவில்லை என்று சோதிக்க, ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளை ஒரு பெரிய இயந்திரத்தோடு இணைத்தார். ஒரு கையிலிருந்து ரத்தத்தை இழுத்துச் சர்க்கரையை அளந்து, இன்னொரு கையில் இன்சுலினையோ குளுகோஸையோ தானே செலுத்தும் இயந்திரம். அது சர்க்கரையை மெல்ல மெல்ல இறக்க, ஹார்மோன் பார்க்க நடுநடுவே ரத்தம் எடுத்தார்கள். திரையில் இறங்கிக்கொண்டே போன எண்ணையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவோ சினிமாக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எப்டிம்மா இருக்கு?" என்றார் டாக்டரம்மா.

"நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்."

உதடு காய்ந்துதான் கிடந்தது. சற்று நேரத்தில் என் பக்கம் திரும்பி, "நீ யாருப்பா?" என்றாள்.  உடனே குளுகோஸ் ஏற்றினார்கள். அக்கா கண்ணைக் கசக்கி, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"சர்க்கரை எறங்குனா ஒடம்பு அட்ரினலின்னு ஒரு ஹார்மோனை வுடும். நடுக்கம், வேர்வை எல்லாம் அது குடுக்கற அலாரம். இவங்களுக்கு அடிக்கடி எறங்கி எறங்கி அந்த அலாரம் அடிக்கறதே இல்ல. கொஞ்ச வாரம் எறங்கவே வுடாதீங்க, திரும்பி வரலாம்" என்றார் டாக்டரம்மா.

அம்மா டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதுவா எம்பொண்ணக் காப்பாத்திக்கினு இருந்துச்சு? அதப் போவச் சொல்லியா நான் வெளக்குப் போட்டேன்?" 

பிறகு ஊசியைக் குறைத்தோம். விரலைக் குத்திக் குத்திப் பார்த்து, சர்க்கரை இறங்காமல் காத்தோம். வாரங்கள் போயின. ஒரு சாயங்காலம் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அக்காவின் மேலுதட்டில் பொடிப்பொடியாக ஈரம். "வந்துடுச்சுடா!" என்று அம்மா அலறினாள். குளுகோஸை அவள் வாயில் போட்டுவிட்டு, கைக்குட்டையைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். துடைக்கவில்லை.

இப்போது அம்மா இல்லை. அக்காவின் இடுப்பில் இருக்கும் சின்னக் கருவி இன்சுலினைத் தானே கூட்டிக் குறைக்கிறது. சர்க்கரை இறங்கினால் கூவுகிறது. கூவட்டும். என் கண் முதலில் அவள் மேலுதட்டுக்குத்தான் போகிறது. நீலக் கைக்குட்டை பீரோவில் மடித்தபடியே இருக்கிறது. அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அதை எடுத்து யாரும் அவளைத் துடைத்ததில்லை.