சொல்லுக்குச் சொல் எழுதுபவள்

என் தங்கை நகர மன்றத்தில் சுருக்கெழுத்தாளர். உறுப்பினர்கள் பேசுவதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துத் தட்டச்சு செய்வது அவள் வேலை. எட்டாவதோடு நின்றுவிட்ட எனக்கு அதன் பொருளை அவள்தான் விளக்கினாள். பேச்சின் சாரத்தை எழுதுவது வேறு. சொல்லுக்குச் சொல் என்றால், பேசியவர் திக்கியிருந்தால் அந்தத் திக்கலும் தாளில் வர வேண்டும். பிழையாகப் பேசினாலும் திருத்தக் கூடாது. வாயால் சொல்லாததும் உண்டு. மன்றம் சிரித்தால் (சிரிப்பு), கத்தினால் (கூச்சல்) என்று அடைப்புக்குறிக்குள் போட்டாக வேண்டும். அவள் எழுதிய பக்கம் எதுவும் இதுவரை திருத்தத்துக்குத் திரும்பியதில்லை. இதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிபவள் நான்.

போன மாதம் தலைமைச் சுருக்கெழுத்தாளர் பதவி, அவளுக்குப் பிறகு வேலையில் சேர்ந்த ‘சுருட்டை’க்குப் போனது. முடியைப் பார்த்து அலுவலகம் வைத்த பெயர் அது. அன்று வீட்டுக்கு வந்த தங்கை செருப்பைக் கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள்.

“அவ எனக்கு மேலதிகாரியாம்! அவ எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்.”

“சுருக்கெழுத்தே அப்படித்தானேடி இருக்கும்?”

“நீ யார் பக்கம்கா?”

பதவியேற்ற அன்று சுருட்டை மன்றத்தில் நன்றி சொன்னாள். அன்று குறிப்பெடுக்க வேண்டியவள் என் தங்கை. எழுதியே பழகிய சுருட்டைக்குப் பேச வரவில்லை. வரிக்கு இரண்டு ‘வந்து’ விழுந்தது. தங்கை ஒன்றையும் விடவில்லை.

“எனக்கு வந்து, இந்த மன்றம் வந்து, ஒரு வீடு வந்து...” என்று தட்டச்சுத் தாளை எனக்கு வாசித்துக் காட்டினாள். “சொல்லுக்குச் சொல்தானே கேக்குறாங்க? வாங்கிக்கட்டும்.” எனக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளோடு சுருட்டையே எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள். தங்கையின் முகம் சுண்டிவிட்டது.

“நாளைக்கு இதுல நான் கையெழுத்துப் போடணும்,” என்றாள் சுருட்டை. “இவ்வளவு ‘வந்து’வா சொன்னேன்?”

“சந்தேகம்னா ஒலிப்பதிவைக் கேட்டுப் பாரு.”

“கேட்டேன். ஒண்ணுகூடத் தப்பில்ல. ஆனா, கடைசில எல்லாரும் கைதட்டினாங்களே, அது எங்க?”

தங்கை தாளை வாங்கிப் பார்த்தாள். பேச்சு முடிந்த இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி மட்டும்தான் இருந்தது.

“கேக்கல.”

“உனக்கா? பின் வரிசையில ஒருத்தர் கொட்டாவி விட்டாலே கேக்குமே!”

எனக்குப் பொறுக்கவில்லை. “சத்தத்துல விட்டுப்போயிருக்கும்மா,” என்றேன்.

“நீ சும்மா இருக்கா,” என்றாள் தங்கை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “கேட்டுச்சு. போடத்தான் கை வரல.”

சுருட்டை பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள்.

“நீயே போட்டுடு. நான் போட்டா திருத்தம்னு உன் பேர்ல ஏறும்.”

தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு (கைதட்டல்) என்று எழுதினாள்.

“நீண்ட கைதட்டல்னு போடலாமே?”

“நீளமா ஒண்ணும் இல்ல. நான் அங்கதானே இருந்தேன்.”

“அதுவும் சரிதான்,” என்று சிரித்துவிட்டுச் சுருட்டை கிளம்பினாள்.

தங்கை கதவைச் சாத்திய வேகத்தில் தாழ்ப்பாளே ஆடியது.

“பதவியும் அவளுக்கு. இதுல நல்லவளா வேற இருந்து தொலைக்கிறா,” என்றாள் தங்கை. “நான் எதை வச்சுக்கா அவளைத் திட்டுவேன்?”