ஒற்றைக் கையால் திறக்க ஒரு கேமிங் லேப்டாப்

1. சோதனை மேசை

மலாக்கா டவுனில் ஒரு கணினிக் கடையில் நான் கடைசியாகப் பார்த்த வேலை, புதிதாக வரும் லேப்டாப்களைச் சோதிப்பது. மூடியின் மூலையைப் பிடித்து லேசாக முறுக்குவேன். கீபோர்டின் நடுவில் அழுத்தி, உள்வாங்குகிறதா என்று பார்ப்பேன். மூடியையும் அடிப்பாகத்தையும் இணைக்கும் ஹின்ஜ் ஆடுகிறதா, ஃபேன் எவ்வளவு இரைகிறது, கேம் ஓடும்போது கை வைக்கும் இடம் சுடுகிறதா, எல்லாவற்றையும் முதலாளியிடம் சொல்ல வேண்டும்.

ஆரம்பத்தில் ஆசையாகத்தான் செய்தேன். போகப் போக எல்லா லேப்டாப்களும் ஒன்றுபோலத் தெரிந்தன. பெரிய கேமிங் லேப்டாப் வந்தால் அலுப்பு இன்னும் கூடும். பதினெட்டு இஞ்ச் திரை, செங்கல் கனத்துக்கு சார்ஜர், கீபோர்டுக்கு அடியில் கலர் கலராக லைட்டு. பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைப்பதற்குள் தோள் வலிக்கும்.

அந்த வாரம் அப்படி இரண்டு வந்திருந்தன. ஒன்று அலுமினிய உடம்பு. முறுக்கினால் அசையவில்லை, ஹின்ஜ் கெட்டியாக நின்றது, திரை பளிச்சென்று இருந்தது. இன்னொன்று தடித்த பிளாஸ்டிக். கீபோர்டு கொஞ்சம் அமுங்கியது, ஹின்ஜ் தளர்வு, திரை சுமார்.

முதலாளி சாகுல் நானா நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "அப்ப அலுமினியத்த முன்னுக்கு வையி, விமலா. மத்தத யாராச்சும் கேட்டா காட்டலாம் லா."

2. செலண்டார் தம்பதி

மறுநாள் மதியம் செலண்டாரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். வேலு அண்ணன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை வாழ்நாள் முழுக்க ஓட்டியவர். ஸ்ட்ரோக் வந்ததில் இடது கை செயலிழந்துவிட்டது. காலை இழுத்து நடந்துவந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பேசியதெல்லாம் அவர் மனைவி ராஜம்மா அக்காதான்.

"வீட்ல யார்கிட்டயும் பேச மாட்றாரு, தங்கச்சி. என் தம்பி வீட்டு கம்ப்யூட்டர்ல லோரி ஓட்ற கேம் ஒண்ணு இருக்கு. அங்க போனா மட்டும் ஒக்காந்து ஓட்டிக்கிட்டே இருக்காரு. அதான் வீட்டுக்கே ஒண்ணு வாங்கிடலாம்னு."

அலுமினியத்தை வேலு அண்ணன் முன்னால் வைத்தேன். அவர் வலது கையால் மூடியைத் தூக்கினார். கெட்டியான ஹின்ஜ் என்பதால் மூடியோடு அடிப்பாகமும் சேர்ந்து எழும்பி, மொத்த லேப்டாப்பும் மேசை ஓரத்துக்குச் சறுக்கியது. நான் எட்டிப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"போலாம்," என்றார்.

"நான் தொறந்து குடுக்க மாட்டேனா?"

"நீ கேண்டீன் வேலைக்குப் போனப்பறம் யாரு தொறக்குறது?"

அண்ணன் எழுந்திருக்க நாற்காலியின் கைப்பிடியைத் தேடினார்.

இத்தனை காலமும் ஒவ்வொரு லேப்டாப்பையும் இரண்டு கையால்தான் திறந்து பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. "கொஞ்சம் இருங்கண்ணே," என்று சொல்லி பிளாஸ்டிக்கை எடுத்துவந்தேன். அவர் விரல் பட்டதும் மூடி எழும்பியது. அடிப்பாகம் அசையவில்லை. மூடினார், மறுபடி திறந்தார். எதையும் மறைக்க எனக்கு மனமில்லை.

"கீபோர்டு நடுவுல அமுங்கும். திரை வெளிச்சம் பத்தாது, ஜன்னலுக்கு நேரா வைக்காதீங்க. ஃபேனும் சத்தம் போடும்."

"லோரின்னா சத்தம் இல்லாமயா?" என்றார். அக்கா சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தார்.

கல்லாவிலிருந்து நானா குரல் கொடுத்தார். "அந்த அலுமினியம்தானே நல்லதுன்னு சொன்ன?"

"நல்லதுதான் நானா. அண்ணனுக்குச் சரிப்படாது."

வேலு அண்ணன் மனைவியிடம், "தூக்கிப் பாரு," என்றார்.

அக்கா தூக்கினார். "கனமே இல்ல."

"பொய் சொல்லாத. ஹால்லயே வச்சிருவோம். நீ இதத் தூக்கிக்கிட்டு அலைய வேணாம்."

அதையே வாங்கிக்கொண்டு போனார்கள்.

3. பிறகு

சில மாதம் கழித்து ராஜம்மா அக்கா மவுஸ் வாங்க வந்தார். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"நான் வேலைக்குக் கெளம்புறப்பவே தொறந்துக்கிட்டு ஒக்காந்திர்றாரு. சாயங்காலம் வந்தா எங்கெங்க போனேன், எந்த ரோட்ல சிக்கினேன்னு ஒரே கதை. நெஜ லோரி ஓட்டுனப்பகூட இவ்வளவு சொன்னதில்ல, தங்கச்சி."

வேலையின் அலுப்பு அதனால் போய்விடவில்லை. ஓய்வு பெறும்வரை தோளும் வலித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு எந்த லேப்டாப் வந்தாலும் முதலில் ஒற்றைக் கையால் திறந்து பார்ப்பேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அவ்வளவுதான்: வாங்க வந்தவரின் கையைப் பார்க்கும்வரை ஒரு சாமானை நல்லது, கெட்டது என்று முடிவு செய்யாதீர்கள்.