மூன்றாம் முறையும் ஆள் இல்லையென்றால்

என் வாழ்நாளில் நான் எழுதி அச்சில் வந்தது ஒரே ஒரு வசனம். ‘மூன்றாம் முறை போகும்போதும் ஆள் இல்லையென்றால் இறந்தவர் எனப் பதியவும்.’ ஓர் ஆய்வுக்கான குறியீட்டுப் புத்தகத்தின் நடுப்பக்கம் ஒன்றில் அது இருந்தது. அதை எழுதிய அன்று எனக்கு நல்ல சந்தோஷம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு நகரில், வாவிக்கரையோரமாக ஒரு பழைய வீட்டை ஆய்வு வேலைகளுக்கென்று வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வீட்டுக்காரர் பறங்கியர், ஐரோப்பிய வழி வந்தவர். பிள்ளைகள் அவுஸ்திரேலியாவுக்குப் போனதும் பின்பக்கத்து இரண்டு அறைகளில் ஒதுங்கிக்கொண்டு முன்பக்கத்தைக் கொடுத்துவிட்டார். அங்கே மூன்று பேர் ஆய்வு செய்தார்கள். ஒருவர் டொக்டர், இவ்வளவு பெரிய அழிவைக் கண்ட சனத்துக்கு நித்திரையும் நெஞ்சும் என்ன ஆகின்றன என்று பார்த்தார். அடுத்தவர் வணிகம் படிப்பித்தவர். எல்லாம் இழந்த சனம் கடைக்குப் போனால் எதை வாங்குகிறது, எதை விடுகிறது என்று பார்த்தார். மூன்றாமவர் பௌதிகவியல் ஆசிரியர். ஒரேயொரு நட்சத்திரத்தின் வெளிச்சம் கூடிக் குறைவதை வருடக்கணக்காக அளந்துகொண்டிருந்தார். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு கணினி. அதற்கு முன்னால் நான். நித்திரையில்லாத சனம், சவர்க்காரம், நட்சத்திரம் எல்லாம் கட்டம் போட்ட தாள்களாக என் மேசைக்குத்தான் வரும்.

எனக்கு ஒரு வியாதி இருந்தது. வெறும் கட்டம் கண்ணில் பட்டால் பொறுக்காது. வணிக சேருக்கும் அதே வியாதி. ஒரு வீட்டார் எத்தனை பாண் வாங்கினோம் என்று சொல்லாமல் விட்டால், அக்கம்பக்கத்து வீடுகளின் சராசரியை எடுத்து அந்த வீட்டுக்கும் போடச் சொல்வார். நானும் சொல்லாத வாய்களுக்கெல்லாம் பாண் ஊட்டினேன். பௌதிக சேர் இதற்கு நேர்மாறு. அவருடைய தாளில் பாதிக்கு மேல் வெறும் கட்டம். மழைமேகம் ஒரு பக்கம், ஊரடங்கு ஒரு பக்கம். அதைவிட, இருட்டில் மொட்டைமாடியில் நின்று ஒரு குழாயை வானத்துக்கு நீட்டினால் ஆமிக்காரன் அதை நட்சத்திரம் பார்க்கிற குழாய் என்றா நினைப்பான்?

“சராசரி போட்டு நிரப்பட்டுமா சேர்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நான் பாக்காத நாளுக்கு நான் எப்பிடிப் பிள்ளை பெறுமதி போடுறது? வெறுமையா விடுங்க,” என்றார்.

சோம்பேறி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். என் மதிப்பில் மூவரிலும் கடைசி அவர்தான்.

நான் அப்போதும் இப்போதும் அக்காவோடு இருக்கிறேன். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். அம்மாவின் வீடு அக்காவுக்குச் சீதனமானது, அத்தான் வந்து அங்கே குடியேறினார். எனக்கென்று ஒரு வீடு எழும்பவும் இல்லை, அதற்கு ஒரு மாப்பிள்ளை வரவும் இல்லை. அத்தான் கல்லடிக் கடலில் தொழில் செய்தவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் அது பெரும்பாலும் என் சமையலைப் பற்றிய நக்கலாக இருக்கும்.

சுனாமி வந்த காலை அவர் கல்லடிக் கரையில் நின்றார். அன்று வீட்டுக்கு வரவில்லை. மறுநாளும் இல்லை. நான்காம் நாள் ஊர்ப் பெண்கள் பாயை விரித்து ஒப்பாரி தொடங்கிவிட்டார்கள். ‘போனவர் போயிட்டார், செய்யவேண்டியதைச் செய்யுங்க’ என்றார்கள். அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பொட்டை அழிக்கவும் இல்லை. ஐந்தாம் நாள், தலையில் கட்டுப்போட்ட அத்தானை யாரோ ஒரு உழவு மெஷினில் கொண்டுவந்து இறக்கினார்கள். அலை அவரை இழுத்துப்போய் வாவிப் பக்கம் எறிந்திருக்கிறது. மயக்கத்தில் கிடந்த ஆளுக்குத் தன் பெயரைச் சொல்ல முடியவில்லை. அக்கா அவரைத் தாண்டி வீட்டுக்குள் வந்து, “பாயச் சுருட்டுங்க கா, ஆள் வந்திட்டார்,” என்றாள். அதுக்குப் பிறகுதான் அழுதாள்.

சில மாதங்களின் பின் டொக்டரின் ஆய்வு தொடங்கியது. ஒரே வீடுகளுக்கு மூன்று முறை போகவேண்டும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குறி: ஒன்று, இங்கே இருக்கிறார். இரண்டு, இறந்துவிட்டார். மூன்று, உயிரோடு வேறிடத்தில் இருக்கிறார். ‘காணவில்லை’ என்பதற்குக் குறி எதுவும் இல்லை. ஆனால் கரையோரத்தில் வீட்டுக்கு வீடு அதைத்தான் சொன்னார்கள். தாள்கள் வெறும் கட்டங்களோடு வந்து குவிந்தன. டொக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். நான் சொன்னேன்:

“சேர், கடல் கொண்டுபோனது இனித் திரும்பாது. மூன்றாம் முறையும் ஆள் இல்லையெண்டா இரண்டு போடுவம்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “நல்ல யோசனை பிள்ளை,” என்றார். என்னையே அதை வசனமாக எழுதச் சொல்லிப் புத்தகத்தில் சேர்த்தார். ஐந்தாம் நாள் திரும்பிவந்த ஒருவரோடு ஒரே வீட்டில் சோறு தின்றுகொண்டுதான் நான் அதைச் சொன்னேன். அத்தான் என் நினைவுக்கே வரவில்லை. மாதங்கள் கழிந்த பிறகு கடலிலிருந்து யாரும் வரவும் இல்லை என்பதால் விதி சரியாகவே இருந்தது. கடலைப் பொறுத்தவரை சரி.

கிழக்கில் சண்டை ஓய்ந்து, வடக்கில் ஓயாமல் இருந்த காலத்தில் அத்தான் ஒருநாள் விடியற்காலை வெள்ளாப்பில் வாழைச்சேனைக்குப் போனார். போட் மெஷினுக்கு ஏதோ ஒரு சாமான் வாங்கவேண்டும் என்றார். போன பஸ் திரும்பி வந்தது, அவர் வரவில்லை. ஒரு சந்தியில் இரண்டு பேர் அவரை இறங்கச் சொன்னதைக் கண்டதாக மரக்கறி விற்கும் பெண் ஒருத்தி சொன்னாள். அடுத்த கிழமை அக்கா தேடிப்போய்க் கேட்டபோது, தான் எதையும் காணவில்லை என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் காலம் அப்படி.

அக்கா தேடினாள். முகாம்கள், பொலிஸ், ஆஸ்பத்திரி, கோவில், சாத்திரக்காரன் என்று ஒன்றையும் விடவில்லை. வீட்டிலோ அவர் பக்கத்து ஊருக்குப் போயிருப்பதுபோல நடந்துகொண்டாள். மாதம் ஒருமுறை அவருக்குச் சவரம் செய்ய பிளேட் வாங்கிவைப்பாள். ஒருநாள் வணிக சேர் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். ஆண்கள் இல்லாத வீடுகள் சில பிளேட் வாங்குகின்றன, கேட்டவர்கள் பிழையாக எழுதியிருக்கிறார்கள், அந்த வரிகளை எடுத்துவிடுங்கள் என்றார். பிழை இல்லை சேர் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

யுத்தம் முடிந்தது. டொக்டர் தன் ஆய்வை மறுபடி தொடங்கினார், இம்முறை வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை இரண்டிலும். பழைய குறியீட்டுப் புத்தகத்தையே மேலட்டையை மட்டும் மாற்றி அச்சடித்தார்கள். கடல் கொண்டுபோனவரும் மனிதர் கொண்டுபோனவரும் ஒன்றா என்று யாரும் கேட்கவில்லை. மற்றவர்களை விடுங்கள், அந்த வசனத்தை எழுதியவளே கேட்கவில்லை.

குலுக்கிப் போட்டதில் எங்கள் வீட்டு இலக்கமும் விழுந்தது. தகவல் எடுக்கும் பெண் பிள்ளை மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் அக்கா, “இப்ப இல்ல, வருவார்,” என்றே சொன்னாள். வேறிடத்தில் இருக்கிறாரா, எங்கே என்று கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.

தாள் என் மேசைக்கு வந்தது. பெயர் இருக்காது, இலக்கம் மட்டும்தான். ஆனால் என் வீட்டு இலக்கம் எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்கு மட்டும் விதியை மாற்றினால் அது களவு என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். இரண்டு என்று அடித்தேன். பிறகு அடுத்த தாளை எடுத்தேன்.

இந்தத் தாள்கள் கட்டுரைக்குள் போய்க் கிடக்கும், வெளியே வராது என்றுதான் எண்ணியிருந்தேன். டொக்டர் நல்ல மனிதர். அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. கணவனை இழந்த பெண்களுக்கென்று ஒரு மருத்துவ முகாம் ஒழுங்கு செய்து, என் பட்டியலைப் பார்த்து தகவல் எடுத்த பிள்ளைகளிடமே வீட்டுக்கு வீடு அழைப்பு கொடுத்து அனுப்பினார். அன்று பின்னேரம் நான் வேலை முடிந்து வரும்போது அக்கா குசினியில் பாதி வெட்டிய மீனை அப்படியே விட்டுவிட்டு, கையைக் கழுவாமல் இருந்தாள். அழைப்பு பலகையில் கிடந்தது. மீன் இரத்தம் அதில் பட்டிருந்தது.

“இத ஆரு எழுதின?”

“அங்க ஒரு விதி இரிக்கு அக்கா. மூன்று தரம் வந்தும் ஆள் இல்லாட்டி…”

“விதி இரிக்கட்டும். ஆரு எழுதின?”

“நான்தான்.”

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், சண்டை பிடித்து முடித்திருப்போம். “அந்தப் புள்ள என்ட நெத்திப் பொட்டப் பாத்துப் பாத்து இதத் தந்திட்டுப் போகுது,” என்றாள். “நாலு வீட்டுக்காரர் பாத்துக்கொண்டு நிண்டாங்க. நாளைக்குப் போய் மாத்து.”

மறுநாள் டொக்டரிடம் போனேன். முதல் முறையாக அவர் முன்னால் அழுதேன். அவர் தண்ணீர் தந்தார். தனக்கும் தெரியாமல் போய்விட்டதே என்று உண்மையாகவே வருந்தினார். ஆனால் ஒரு வீட்டுக்கு மட்டும் குறியை மாற்ற ஏலாது, அப்படியென்றால் இதே மாதிரி எல்லா வீடுகளையும் மாற்றவேண்டும், கட்டுரையும் அச்சுக்குப் போய்விட்டது என்றார். “உங்கட வீட்ட முழுசா எடுத்துவிடுங்க பிள்ளை. ஆய்வில வேல செய்யிற ஆளின்ட வீடு இரிக்கவும் கூடாதுதான்.” எனக்கும் அது நல்ல வழியாகப் பட்டது. எங்கள் வரியைத் தெரிவுசெய்து அழித்தேன். கீழே இருந்த வரிகள் ஒருபடி மேலே ஏறின.

நல்ல செய்தி கொண்டுபோகிறவளைப்போல வீட்டுக்குப் போனேன். அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

“எடுத்தாச்சு அக்கா. இனி ஒருத்தரும் ஒண்டும் கொண்டு வரமாட்டாங்க.”

“என்னத்த எடுத்த?”

“எங்கட வீட்ட. முழுசா.”

“அவரையும்?”

“ஓம்.”

அவள் பானையை நிமிர்த்தி வைத்தாள். “முதல் செத்தவரா எழுதின. இப்ப இல்லவே இல்லாதவரா ஆக்கிட்டாய். உசிரோட இரிக்காரெண்டு எழுதுறதுக்கு மட்டும் உனக்குக் கை வரல்ல.”

“அதுக்கு ஒரு குறி இல்ல அக்கா,” என்றேன். அது பொய். மூன்று இருந்தது: உயிரோடு வேறிடத்தில் இருக்கிறார். டொக்டர் அறைக்குப் போக முன்னும் பின்னும் அந்த விசை என் விரலுக்குக் கீழேதான் இருந்தது. அடித்திருந்தால் ஒருவரும் சரிபார்த்திருக்கமாட்டார்கள்.

அந்தப் பொய் அக்காவுக்கு விளங்கியதோ என்னவோ தெரியாது.

“உன்ட தாள விடு. விதிய விடு. உன்ட மனசுல அவர் இரிக்காரா?”

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். எத்தனையோ வீட்டுக்கு எத்தனையோ பொய்யான பாண் போட்டவள்தானே நான். அவர் போன முதல் மாதத்திலேயே நான் நம்பிக்கை விட்டுவிட்டேன். அன்றுதான் எனக்கே அது தெளிவாகத் தெரிந்தது. விதி என்று நான் சொல்லிக்கொண்டதெல்லாம் என் மனம்தான்.

“சரி,” என்றாள் அக்கா. எனக்குச் சோறு போட்டுத் தந்தாள். மீன் துண்டும் வைத்தாள்.

அதுவரைக்கும் அத்தானைத் தேடி அவள் அனுப்பிய பெட்டிசங்களையெல்லாம் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு வாசிக்க வரும்; மேலிடங்களுக்கு எழுத வராது. அத்தானின் வயது, உயரம், கழுத்தோரத் தழும்பு, அன்று உடுத்திருந்த சாரத்தின் நிறம் எல்லாம் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். இத்தனை வருடத்தில் விசாரணைகளும் ஆணைக்குழுக்களும் எத்தனையோ வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒரு படிவம். அக்கா என்னோடு பேசாமல் இல்லை. அரிசி விலை பேசுகிறாள், என் இருமலுக்கு மல்லி அவித்துத் தருகிறாள். ஆனால் படிவம் வந்தால் மட்டும் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அரச அலுவலகங்கள் இருக்கும் கச்சேரிக்கு முன்னால் மேசை போட்டு எழுதுகிற ஒரு முன்பின் தெரியாத மனிதரிடம் பஸ் ஏறிப் போகிறாள்.