செர்வா நம்பாத பெட்டி

கணினியின் பவர் சப்ளைப் பெட்டி கைக்கு வந்ததும் செர்வா முதலில் அதை உள்ளங்கையில் தூக்கிப் பார்ப்பாள். கனம் குறைந்தால் உதட்டைப் பிதுக்குவாள். கூடினால் இன்னும் மோசம். "எடைக்காக உள்ள சிமெண்ட வெச்சு ஒட்டியிருப்பானுங்க. நான் பாக்காத சிமெண்டா?"

பிறகு காற்றாடித் துளையில் மூக்கை வைப்பாள். கருகிய வாசனை வந்தால் ஒரு சந்தேகம், வராவிட்டால் இரண்டு. பிளக்கைப் பிடுங்கி ஒரு வாரம் ஆன பெட்டியானாலும், பெரிய கெபாசிட்டரின் கால்களில் குண்டு பல்பை வைத்து மிச்ச மின்சாரத்தை வடித்த பிறகுதான் உள்ளே விரல் போகும். "கரன்ட் போயிடுச்சுன்னு கரன்டே வந்து சொன்னாலும் நம்ப மாட்டேன்" என்பாள். மதியத்துக்கு வாங்கும் சுட்ட வாழைக்காயோடு வரும் வேர்க்கடலையைக்கூடப் பிளந்து பார்த்துத்தான் வாயில் போடுவாள். கானா நாட்டின் குமாசிச் சந்தையில் பழுது பார்ப்பவர்களின் வரிசையில் அவளுக்குப் 'போலீஸ்' என்று பெயர். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

வியாழக்கிழமை போவத்தேமா, ஓடாமல் நின்றுபோன தன் கணினியின் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள். சாவுச் சடங்குக்கு இறந்தவரின் படமும் வாழ்க்கைக் கதையும் போட்டுப் புத்தகம் அச்சடிப்பது அவள் தொழில். சனிக்கிழமை மூன்று வீட்டுச் சடங்கு. ஒரு பக்கம்கூட இன்னும் அச்சாகவில்லை. புத்தகம் இல்லாமல் சவப்பெட்டி கிளம்பினால், அப்புறம் அவள் கடைப் படியை யார் மிதிப்பார்கள்?

"நடுவுல வேற யாரு தொறந்தது?"

"வேற யாரும் தொறக்கல செர்வா. சத்தியமா."

"சத்தியம் பண்றவங்க வீட்டுப் பெட்டியிலதான் அக்கா திருகு தேஞ்சிருக்கும்."

மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தாள். பல்பை வைத்து மிச்ச மின்சாரத்தை வடித்தாள். தூசியை ஊதினாள். கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். கறுப்பு அசையவில்லை. சிவப்பும் அசையவில்லை. மஞ்சள் கையோடு வந்துவிட்டது. ஈயம் வைத்துப் பற்றவைக்காமல், வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள்; டேப் உருகிப் பிசினாகி, அடியிலிருந்த சர்க்யூட் பலகையும் கருகியிருந்தது.

செர்வாவுக்குச் சாமி வந்துவிட்டது. "எந்தப் படுபாவி பண்ண வேல இது? கோடிக்கட ஒசேய்தான்! அவன் கைவேல எனக்குத் தெரியாதா?"

சத்தம் கேட்டு நாலு பேர் கூடினார்கள். ஒசேயும் வந்துவிட்டான்.

"மூடியத் திருப்பு. எம்பேரு இருந்தா எம்மூஞ்சில துப்பு."

பெட்டியைத் திறந்தவர் எவரானாலும் மூடியின் உட்புறம் பேரும் மாதமும் எழுத வேண்டும் என்பது அந்த வரிசையின் சட்டம். ஒசேய் தானே திருப்பினான். 'செர்வா, ஏப்ரல்' என்று மட்டும் இருந்தது.

அவள் கட்டை விரலில் எச்சில் தொட்டு எழுத்தைத் தேய்த்தாள். அழியவில்லை. ஓர் அட்டையில் தன் பெயரை எழுதிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டும் பார்த்தாள்.

"போலீஸே மாட்டிக்கிச்சுடா!" என்றான் சார்ஜர் விற்கும் க்வாபெனா.

ஏப்ரலில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. பற்றவைக்கச் சூடு இல்லை. 'இப்போதைக்கு ஓட்டுங்கக்கா, அப்புறமா வாங்க, ஈயம் வெச்சுத் தரேன்' என்று சொல்லி அனுப்பியது இவள்தான். பெட்டி ஓடியது, அக்கா வரவில்லை, இவளும் கேட்கவில்லை. வெட்கத்தில் காது மடல் வரை சுட்டது.

"ஒசேய் அண்ணே, தப்பு என்னோடது. மன்னிச்சிரு."

"அது கெடக்கட்டும். அந்தம்மா சனிக்கிழமைக்கு வழி பாரு."

செர்வா தன் கடைக் கணினியை நிறுத்தி, அதிலிருந்த பவர் சப்ளையை வெளியே எடுத்தாள். போவத்தேமா இரண்டு கையையும் நீட்டினாள். செர்வா கொடுக்கப் போனவள், சட்டென்று பெட்டியை இழுத்து மேசைமேல் வைத்தாள்.

"இருங்கக்கா. இது நான் பூட்டினது" என்று சொல்லி, முதல் திருகைக் கழற்ற ஆரம்பித்தாள்.